இரண்டு மாதத்துக்கு ஒருமுறை

கோவிலூர் சாலையில் வண்டியை நிறுத்திவிட்டு
சரளைக் காட்டை வெட்டிப் போட்ட மூன்றாவது தெருவுக்குள் நடப்பேன்.
போன ஆடியில் இங்கே ஏழு மீட்டர்.
இந்த ஆடியில் நாற்பத்தொன்று.
மனைக்கு மனை கயிறு கட்டித் தொங்கவிட்ட கொடிகளில்
சாயம் போய்விட்டது.
மனைகளும் போய்விட்டன.

முதல் வீடு சிங்கப்பூர்க்காரருடையது.
பதினெட்டு யூனிட்.
வாசல் விளக்கும் ஒரு கேமராவும் தின்றது.
கேமராவைப் பார்த்துச் சேலையைச் சரிசெய்துகொள்வேன்,
அங்கே யாருக்கு இப்போது என்ன மணியோ.

அடுத்தது ஆரோக்கியமேரி டீச்சர்.
ஏசி வந்த நாளிலிருந்து என்னைக் கண்டால்
மோர் வருகிறது, கூடவே கெஞ்சலும்:
"ஐந்நூத்தி ஒண்ணா? அந்த ஒண்ணை
அடுத்த தடவைக்குத் தள்ளிப் போடேன்மா."
டீச்சர், நீங்கள்தானே கணக்கு எடுத்தீர்கள்
கழனிவாசல் பள்ளிக்கூடத்தில்,
கடன் வாங்கிக் கழிக்கச் சொல்லிக்கொடுத்து?

எதிரே
தற்காலிகம் என்று எழுதிக் கொடுத்த இணைப்பு
மூன்று வருஷமாக ஓடுகிறது.
நாய் ஒன்று மீட்டருக்குக் கீழேதான் படுக்கும்.
அதற்கு மட்டும் என் காக்கிப் பை பிடிக்காது.

சொர்ணலிங்கம் வீட்டுப் பின்கட்டில்
தகரம் போட்ட ஆறு ரூம், ஒரே மீட்டர்.
டைல்ஸ் ஒட்டும் ஒடியாப் பையன்கள்.
ரூமுக்கு எண்ணூறு கரண்டு காசு.
அட்டை முன்வீட்டுப் பீரோவில் இருக்கும்,
அதில் நான் எழுதுவதை
அவர்கள் பார்த்ததே இல்லை.

ஒருநாள் பிகாஷ் கேட்டான்:
"அக்கா, எவ்ளோ?"
நான் கூட்டிப் பார்க்கக் கூடாது,
என் வேலை எண்ணோடு முடிகிறது.
ஆனால் எண்ணை வாய்விட்டுப் படிக்கக் கூடாதென்று
எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை.
"நானூத்திப் பன்னெண்டு" என்றேன்
நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி.
அவன் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துச்
சுவரில் எழுதினான்,
வளைந்து வளைந்து மூன்று இலக்கம்.
எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்து,
தெரிந்த தொகை.

அடுத்த முறை சொர்ணலிங்கமே கூட வந்து நின்றார்.
"எதுக்கும்மா ஏலம் விடுற மாதிரி கத்துற?"
"கண்ணு மங்கிப்போச்சுண்ணே,
காதுல விழுந்தாத்தான் கைக்கு எழுத வருது."
அவர் என் கண்ணைப் பார்த்தார்.
நான் மீட்டரைப் பார்த்தேன்.
முந்நூத்தித் தொண்ணூத்தி ஏழு.
உள்ளே பென்சில் கீறும் சத்தம்.

அதற்கடுத்த முறை ரூம்கள் பூட்டிக் கிடந்தன.
வாடகைக்கு என்று அட்டை தொங்கியது.
ஒன்பது யூனிட்.
சும்மாதான், அதையும் சத்தமாகப் படித்தேன்.
நாய் மட்டும் தலையைத் தூக்கியது.

ஏதோ செய்துவிட்டோமா என்று
சாப்பாடு இறங்கவில்லை இரண்டு நாள்.

நான்காவது தெரு இப்போதுதான் என் கணக்கில் சேர்ந்தது.
சம்பைத் தண்ணீர் லாரி சேறாக்கிய பாதை,
பெயின்ட் காயாத சுவர்,
வரிசையாக ஆறு மீட்டர், ஆறு அட்டை.
ஆறாவதன் முன்னால் கைகட்டி நிற்கிறான் பிகாஷ்,
கையெல்லாம் சிமென்ட்.
"அக்கா, இது எனக்கு மட்டும்."
"அறுபத்தொண்ணு" என்கிறேன்.
"காசு?"
"நூத்துக்குள்ளதான். ஒண்ணும் கட்ட வேணாம்."
நம்பவில்லை.
என்னைச் சுற்றி வந்து செல்போனை எட்டிப் பார்க்கிறான்.
எங்கோ ஒரு சொர்ணலிங்கம் ஒளிந்திருப்பதுபோல
ரூமுக்குள்ளும் ஒருமுறை பார்க்கிறான்.

பிறகு பென்சிலை எடுத்துச் சுவரில்
ஒரு வட்டம் போட்டான்.
அதை மட்டும் என்னால் வாசிக்க முடிந்தது.

சர்வர் சுற்றிக்கொண்டே இருந்தது.
இன்னும் பதினாலு வீடு பாக்கி,
மேலே வெயில்.